ஒன்பதாம் தேதி ஞாயிறு

திருத்தங்கல் சீனிவாசகம் எப்போதும் ஒரு வருசம் முன்னால் நடந்துகொண்டிருக்கிறவர். பெருமை இல்லை, பிழைப்பு அப்படி. சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கிற கம்பெனி ஒன்றில் புரூப் பார்க்கிறார். ஊரெல்லாம் இந்த வருசத்து ஆடி வெயிலில் புழுங்கிக் கிடக்கும்போது, இவர் அடுத்த வருசத்துப் பொங்கலைத் தாண்டி, பங்குனி உத்திரத்தைத் தாண்டி, ஐப்பசி அமாவாசையில் நிற்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "ஒருவழியா இன்னைக்குத் தீவாளி முடிஞ்சது" என்று சட்டையைக் கழற்றுவார். அவர் மனைவி செல்வலட்சுமி, "சொல்லியிருந்தா கறி எடுத்திருப்பேன், ரசந்தான் வச்சிருக்கேன்" என்பாள்.

இருபத்தாறு வருசச் சர்வீஸ். ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம், எந்தக் கிழமை எந்தத் திசைக்குப் போகக்கூடாது என்கிற சூலம், எல்லாம் அவர் பென்சிலைத் தாண்டித்தான் தமிழ்நாட்டுச் சுவர்களுக்குப் போக வேண்டும். எத்தனையோ வீட்டில் நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் இவர் பார்த்து அனுப்பிய தாளைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறார்கள். அவரும் அப்படித்தான் மாட்டுவார். என்ன ஒன்று, மாட்டிக்கொண்டு அநேகமாகக் கிளம்ப மாட்டார்.

ஏனென்றால் மனுசனுக்கு ஒரு வியாதி உண்டு. பயணத் திட்டம் போடுவது. கம்பெனியில் கழித்துப் போடுகிற தாள்களின் முதுகில் இதுவரை குற்றாலத்துக்குப் பதினொரு தடவை, ராமேஸ்வரத்துக்கு இரண்டு தடவை, மைசூருக்கு ஒரு தடவை திட்டம் போட்டிருக்கிறார். மைசூர்த் திட்டத்தில் பஸ்ஸில் வெயில் அடிக்காத பக்கம் எது, அது எந்த ஊர் தாண்டியதும் மாறும் என்பதுவரை உண்டு. மைசூரைப் பற்றி மைசூர்க்காரனுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். போனதில்லை, அவ்வளவுதான்.

இந்த வருசம் அந்த வியாதி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே மகள் ஓவியாவை அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்கூல் ஹாஸ்டலில் பிளஸ் ஒன் சேர்த்திருந்தார்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை பத்திலிருந்து நாலு மணிவரை, பெற்றவர்கள் வந்து பார்க்கலாம். மற்ற நாளில் கேட்டைத் தொடவும் விடமாட்டார்கள்.

திருத்தங்கலிலிருந்து அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர் வராது. விருதுநகரில் பஸ் மாறினால் இரண்டு மணி நேரம். இதற்கு யாராவது திட்டம் போடுவார்களா? சீனிவாசகம் போட்டார். ஜூன் மாத ஞாயிறுக்குப் போட்ட திட்டத்தில் திரும்பி வருகிற நேரம் ராகுகாலத்தில் விழுந்தது. சீக்கிரம் கிளம்பினால் பிள்ளையோடு இருக்கிற நேரம் குறைகிறது, தாமதித்தால் பஸ் கிடைப்பது சந்தேகம் என்று கூட்டிக் கழித்துப் பார்த்து முடிப்பதற்குள் மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. ஜூலையில் சாத்தூர் சுற்றிப் போவதா, விருதுநகர் வழியா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. அடுத்த வருசத்து அமாவாசை ஒன்றில் வாக்கியம், திருக்கணிதம் என்கிற இரண்டு பஞ்சாங்கத்துக்கும் தகராறாம். தகராறைத் தீர்க்கப் போனார். செல்வலட்சுமி கட்டிவைத்த புளியோதரையை இரண்டு மாதமும் அவர்களே தின்றார்கள்.

ஜூலை கடைசியில் ஒரு புதன்கிழமை, ஹாஸ்டலில் பத்து நிமிசம் போன் பேச விடுகிற நேரத்தில், ஓவியா அம்மாவிடம் அழாமல் பேசினாள். அழுதிருந்தால் செல்வலட்சுமி பயந்திருக்க மாட்டாள். பெட்டியைக் கட்டிவைத்துவிட்டாளாம். எல்லாப் பிள்ளைக்கும் ஆள் வருகிறது, நான் மட்டும் மரத்தடியில் அடுத்தவர்கள் அப்பளம் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றாளாம். கடைசியாகச் சொன்னதை மட்டும் செல்வலட்சுமி வார்த்தை மாறாமல் புருசனிடம் சொன்னாள்.

"'இந்த ரெண்டாவது ஞாயிறும் வரலன்னா டிசி வாங்கிட்டு வந்துருவேன். ஒங்கூட ஒக்காந்து பொட்டி ஒட்டுதேன்'னு சொல்லிட்டா."

செல்வலட்சுமி வீட்டிலிருந்தே பட்டாசுப் பெட்டி ஒட்டுகிறவள். கல்யாணத்துக்கு முன்னால் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவள். அவளுக்கு இந்த வீட்டில் ஒரே ஒரு பிடிவாதம். மகள் கையில் பசைச்சட்டி ஏறக்கூடாது. அதை அவள் சத்தமாகச் சொன்னதே இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. ஒட்டிய பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "நீங்க வந்தாலும் வாங்க, வராட்டியும் சரி. நான் போயிருவேன்" என்றாள்.

சீனிவாசகத்துக்கு ரோசம் வந்தது. ரோசம் வந்தால் மற்றவர்கள் சட்டையை மாட்டுவார்கள். அவர் பென்சிலைச் சீவினார்.

முதலில் தேதி. ரெண்டாவது ஞாயிறு என்றால் என்ன தேதி? எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்தார். அங்கேதான் வினை தொங்கிக்கொண்டிருந்தது.

காலண்டர்க் கம்பெனிக்காரர் வீட்டில் நடப்பு வருசக் காலண்டர் நிற்காது. ஜனவரி முடிவதற்குள் யாராவது வந்து, "அண்ணாச்சி, ஒங்களுக்கென்ன, நூறு கெடைக்கும்" என்று கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் வீட்டுச் சுவரில் தொங்குவது, அச்சான மாதம் வரைக்கும் சேர்த்த சாம்பிள். அதாவது வரப்போகிற வருசம். ஆகஸ்ட் ஒன்பது, ஞாயிறு என்று அது சிவப்பு எழுத்தில் சொன்னது. அது சொன்னது சத்தியம். அடுத்த வருசத்துக்குச் சொன்னது. இந்த வருசம் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை.

போனில் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். காலண்டர் படிக்கிறவன் கிழமையைப் போனில் பார்ப்பதா? பார்த்திருக்க மாட்டார், விடுங்கள்.

தேதி கிடைத்ததும் திட்டம் மளமளவென்று வளர்ந்தது. ஞாயிறு சூலம் மேற்கு. அருப்புக்கோட்டை கிழக்கே இருக்கிறது, தோது. காலை ஏழு நாற்பதுக்குக் கிளம்பினால் நல்ல நேரம். எட்டு முப்பதுக்கு விருதுநகரில் பத்து நிமிசம் டீ. பாலவநத்தத்தில் நிறுத்தக்கூடாது. தயிர்ச்சாதம் புளித்துவிடும், வேண்டாம். புளியோதரை, சேவு, வெள்ளரிக்காய். மூன்று மணிக்குப் பேச்சை முடிக்க ஆரம்பிக்க வேண்டும். ஆறு மணிக்கு வீடு. மூன்று முறை திருத்தி எழுதினார். மூன்றாவது பிரதியில் பிள்ளையிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்குத் தனியாக இடம் விட்டிருந்தார். அந்த இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது.

பஸ்ஸை நம்ப முடியாது என்று பக்கத்துத் தெரு முத்துப்பாண்டியிடம் பேசினார். முத்துப்பாண்டி குட்டியானை வண்டியில் பேப்பர் லோடு அடிக்கிறவன். ஒன்பதாம் தேதி காலையில் அருப்புக்கோட்டை, சாயங்காலம் திரும்பல் என்றார். சரி அண்ணாச்சி என்றான். கம்பெனியிலும் ஒன்பதாம் தேதி ஒரு நாள் லீவு என்றுதான் கேட்டார். சீசனில் காலண்டர் ஆபீசுக்கு ஞாயிறு கிடையாது, ஏழு நாளும் மெஷின் ஓடும், அதனால் முதலாளி ஜெயச்சந்திரன் என்ன கிழமை என்று கேட்கவில்லை. ஒரு நாளா என்றுதான் இரண்டு தடவை கேட்டார். ஆக மொத்தம் எல்லாரும் தேதியைப் பேசினார்கள். கிழமையை யாரும் பேசவில்லை. வீட்டோடு பெட்டி ஒட்டுகிற செல்வலட்சுமிக்கும் கிழமை என்பது இவர் சொல்வதுதான்.

அந்த வாரம் முழுக்க அவர் இருப்புக்கொள்ளாமல் அலைந்தார். கம்பெனியில் அடுத்த வருசத்துக் கார்த்திகையைப் படிக்கும்போது கண் கார்த்திகையில் இருந்தது, கால் பாலவநத்தத்தில் இருந்தது. முத்துப்பாண்டி வீட்டுக்கு நாலு தடவை போய் டயரை உதைத்துப் பார்த்தார். ஐந்தாவது தடவை முத்துப்பாண்டியே, "நீங்க ஒதைக்கிற ஒதையிலதான் அண்ணாச்சி காத்து எறங்கப் போவுது" என்று கையெடுத்துக் கும்பிட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனியில் வழக்கம்போல மெஷினுக்குச் சூடம் காட்டினார்கள். இவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாளைக்கு ஞாயிறு, பிள்ளையைப் பார்க்கப் போகிறோம், நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஒற்றினார். வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவே ஒன்று இருப்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இருபத்தாறு வருசம் புரூப் பார்க்கவில்லையே.

ஏழு நாற்பது என்று எழுதியிருந்தது, ஏழு முப்பத்தெட்டுக்கே வண்டி கிளம்பியது. குட்டியானையின் முன் சீட்டில் மூன்று பேர். செல்வலட்சுமி மடியில் கூடை. ரோடு காலியாகக் கிடந்தது. ஸ்கூல் வேன் ஒன்றுகூட இல்லை. ஆனைக்குட்டம் விலக்குத் தாண்டும்போது சீனிவாசகம் திருப்தியாகச் சொன்னார், லீவு நாள் என்றால் லீவு நாள்தான், எப்படி இருக்கிறது பார் என்று. அன்றைக்கு இரண்டாவது சனிக்கிழமை, பள்ளிக்கூடம் பேங்க் எல்லாம் லீவு. அந்த லீவும் சேர்ந்து அவரைக் கவிழ்த்தது. முத்துப்பாண்டி "ம்" என்றான்.

விருதுநகரில் முத்துப்பாண்டிக்குப் பொரிச்ச பரோட்டா கடையைப் பார்த்ததும் கை ஸ்டியரிங்கைத் திருப்பியது. இவ்வளவு காலையில் கடை திறந்திருக்காது, தாளிலும் இல்லை என்று சீனிவாசகம் தடுத்தார். டீ எட்டே நிமிசத்தில் முடிந்தது. மிச்சம் இரண்டு நிமிசத்தை என்ன செய்வது என்று தெரியாமல் டீக்கடை வாசலில் நின்று வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வலட்சுமி வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. பாலவநத்தத்தில் நிறுத்தவில்லை. ஒன்பது நாற்பத்தைந்துக்கு ஹாஸ்டல் கேட். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு திட்டம் எழுதியபடி நடந்து முடிந்திருந்தது. அவருக்கு லேசாகக் கண் கலங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

கேட்டில் ஒரு ஆளும் இல்லை. மற்ற பெற்றவர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டார்.

வாட்ச்மேன் வெளியே வந்து, இன்றைக்கு ஏது பிள்ளைகளைப் பார்க்கிற நாள் என்று கேட்டார். சீனிவாசகம் பொறுமையாக விளக்கினார். வாட்ச்மேன் அதைவிடப் பொறுமையாகத் தலையை ஆட்டினார். பேச்சு வளர்ந்து, வார்டன் அம்மா ஆபீஸ் ரூம்வரை போனது. இரண்டாவது ஞாயிறு என்று விதி போட்டது நீங்கள்தானே, வந்திருக்கிறோமே, பிறகு என்ன என்று சீனிவாசகம் குரலை உயர்த்தினார். வார்டன் அம்மா தலைக்குப் பின்னால் சுவரைக் கட்டைவிரலால் காட்டினார்.

சுவரில் காலண்டர். ஒன்பது. கீழே கறுப்பு எழுத்தில், சனி.

சீனிவாசகம் அதைத் தப்பு என்று சொல்ல வாயெடுத்தார். அச்சுப் பிழை, எவனோ பார்க்காமல் விட்டிருக்கிறான் என்று சொல்லியும் விட்டார். பிறகு தாளின் அடியில் கண் போனது. அவர் கம்பெனி. போன வருசம் இதே ஆடியில் அவர் கையால் பாஸ் ஆன தாள். சூலம், கிழக்கு. ராகுகாலம், ஒன்பது முதல் பத்தரை. சுவர்க் கடிகாரத்தில் பத்தாக இரண்டு நிமிசம்.

செல்வலட்சுமி தாளைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள்.

"போன வருசம் சரியாத்தான் பாத்திருக்கீக" என்றாள்.

வெளியே வந்ததும் அவர் பாய்ந்தது முத்துப்பாண்டி மேல். இன்றைக்குச் சனிக்கிழமை என்று உனக்குத் தெரியாதா என்றார். முத்துப்பாண்டி நிதானமாக இறங்கி வண்டிக் கதவைச் சாத்தினான்.

"சனிக்கெழமன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. நீங்க ஞாயித்துக்கெழமைக்குப் போறீகன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

சீனிவாசகம் கேட் பக்கத்து வேப்பமரத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். லீவு ஒரு நாள்தான். நாளைக்கு அடுத்த வருசத்து நவம்பர் மெஷினில் ஏறுகிறது. இப்போது திரும்பினால் நாளைக் காலையில் மறுபடி வர முடியாது. வராவிட்டால் நாளை பத்து மணிக்கு அந்தப் பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். நாலு மணிக்கு எழுந்துபோய்ப் பெட்டியை எடுப்பாள். ஏதாவது எழுதலாம் என்று தாளைத் திருப்பினார். சாயங்காலம் ஆறு மணி, வீடு என்பதற்குக் கீழே கூட்டவும் கழிக்கவும் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் உள்ளே மணி அடித்தது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பிள்ளைகள் வரிசையாக மைதானத்தைக் கடந்தார்கள். கேட் கம்பிக்குள் முகத்தைப் பதித்து நின்ற செல்வலட்சுமி கையை மட்டும் தூக்கினாள். வரிசையில் ஒரு பின்னல் திரும்பியது. ஓவியா நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்த பிள்ளை அவள்மேல் மோதியது. டீச்சர் ஏதோ அதட்ட, அவள் நடந்துகொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கா என்று விரலைச் சுழற்றிக் காட்டினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டரை மாதத்தில் அந்தச் சிரிப்பை வீட்டார் பார்ப்பது அதுதான் முதல்.

செல்வலட்சுமி திரும்பாமலே சொன்னாள். "நான் இங்கனதான் இருக்கப் போறேன். நீங்க வண்டியில போறதுன்னா போங்க."

சீனிவாசகம் முதலாளிக்குப் போன் போட்டார். என்ன காரணம் சொல்வது என்பதுதான் பெரும்பாடு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால், அவர் போய்ப் பத்து வருசம் ஆகிறது, முதலாளியே மாலையோடு வந்திருந்தார். உண்மையைச் சொல்லலாம். ஆனால் காலண்டர் புரூப் பார்க்கிறவன் கிழமை மாறி வந்துவிட்டேன் என்று சொன்னால் திங்கட்கிழமை அவருக்கு நாற்காலி இருக்காது. வண்டி ரிப்பேர் என்றார். கியர்பாக்ஸ் போய்விட்டது, நாளைச் சாயங்காலம்தான் கிளம்பும் என்றார். பக்கத்தில் நின்ற முத்துப்பாண்டியின் முகம் கறுத்தது.

"போன மாசந்தான் கியர்பாக்ஸ் பாத்தேன்" என்று போன் கேட்கும்படி முனகினான்.

எதிர்முனையில் ஜெயச்சந்திரன் கத்தினார், நவம்பரை யார் பார்ப்பது என்று. சீனிவாசகம் நவம்பரைப் பார்க்க ஆள் உண்டு முதலாளி என்றார். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்துவிட்டு, நிஜமாகவே உண்டா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

முத்துப்பாண்டி நன்றாக இருக்கிற கியர்பாக்ஸோடு கிளம்பிப் போனான். இவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். சீனிவாசகத்துக்கு அந்தப் பகல் நகரவில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டை மூன்று சுற்றுச் சுற்றி, எல்லா ஊருக்கும் பஸ் நேரத்தை மனப்பாடம் செய்துவிட்டு வந்தார். கூடையைத் திறந்தால் அடியில் ஒரு டப்பா தயிர்ச்சாதம். வேண்டாம் என்று எழுதியும் கட்டியிருக்கிறாள். சனிக்கிழமை கிழக்கே போனால் சூலத்துக்குத் தயிர்தான் பரிகாரம், தெரிந்துதான் செய்தாயா என்று ஆசையாகக் கேட்டார். முத்துப்பாண்டிக்குக் காரம் ஆகாது, அதனால் கட்டியது என்றாள் செல்வலட்சுமி. அவனிடம் கொடுக்க மறந்துவிட்டாளாம்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கேட்டில் ஐம்பது அறுபது பேர் முண்டினார்கள். ஓவியா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவுக்கு முன்னால் வந்து நின்று, அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ரெண்டு நாள் சட்டை, கசங்கிப் போயிருந்தது.

"நேத்தே வந்துட்டீகளாப்பா? எதுக்கு?"

சீனிவாசகம் தொண்டையைச் செருமினார். பிழை என்று தெரிந்தால் திருத்தாமல் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. அது வந்தும்மா, ஆகஸ்ட் ஒன்பது இந்த வருசம், என்று ஆரம்பித்தார். செல்வலட்சுமி அவர் கால்மேல் செருப்போடு ஏறி நின்றாள்.

"அப்பாவால பொறுக்க முடியல. ஒரு நா முன்னாடியே போவம்னுட்டாக" என்றாள்.

ஓவியா அப்பாவின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு புளியோதரைக்காக மரத்தடியில் இடம்பிடிக்க முன்னால் நடந்தாள். சாப்பிடும்போது, பெட்டியில் கட்டிவைத்த துணியெல்லாம் கசங்கிவிட்டது, அயர்ன் பண்ண வேண்டும், நாளைக்கு யூனிபார்ம் இல்லை என்று போகிற போக்கில் சொன்னாள். அரைப் பரீட்சைவரைக்கும் இருந்து பார்க்கிறேன் என்றாள். செல்வலட்சுமி வெள்ளரிக்காய் நறுக்குகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்துப் பாயில் விளாத்திகுளம் குடும்பம் ஒன்று. அந்தப் பிள்ளையிடம் ஓவியா கதையளந்துகொண்டிருந்தாள். எங்கப்பா நேத்துக் காலையிலேயே வந்துட்டாரு, வார்டன்கூட சண்டை, உள்ள விடலன்னதும் வீட்டுக்குப் போக மாட்டேன்னு லாட்ஜ் எடுத்துத் தங்கிட்டாரு என்றாள். சீனிவாசகத்துக்கு விரல் துறுதுறுத்தது. சொல்லுக்குச் சொல் அடித்துத் திருத்தலாம்போல இருந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்த விளாத்திகுளத்து அம்மா, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்திருந்த தன் புருசன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"கேட்டுக்கோங்க. அவுகளும் ஒரு தகப்பன்தான்."

அந்த மனுசர் தலை நிமிர்ந்து சீனிவாசகத்தை முறைத்தார். சீனிவாசகம் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேவுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நீட்டினார். அவர் எடுத்துக்கொள்ளவில்லை.